கட்டணம் இல்லாத படிப்பு

டண்டினொங்,
11 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

டிலக்சி எழுதுவது. நான், ஜெனிஸ்ரன், பிள்ளைகள் நிஷானி, அக்ஷரா எல்லோரும் ஆண்டவர் தயவில் நல்ல சுகம். நீங்களும் ஸ்ரான்லி அத்தானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மெழுகுதிரி தவறாமல் கொளுத்துகிறேன்.

போன கிழமை போனில் நான் சொல்லி முடிக்க முதலே நீங்கள் வைத்துவிட்டீர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் போன் சரிவராது அக்கா. மூன்றாவது வசனத்திலேயே சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே கதைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

கோழித் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டேன். டேஃப் என்கிற அரசாங்கத் தொழிற்கல்லூரியில் நேர்ஸிங் டிப்ளோமாவுக்குச் சேர்ந்திருக்கிறேன். ஒன்றரை வருசப் படிப்பு. படிப்புக் கட்டணம் ஒரு சதமும் இல்லை, அரசாங்கமே கட்டுகிறது. ஒன்பது வருசம் குளிர் அறையில் நின்று கோழித்துண்டு அடுக்கினேன். இப்போது விடியற்காலையில் எழும்பினால் விரல்கள் மடங்காது. முப்பத்தேழு வயதில் இது என்றால் ஐம்பதில் என்ன செய்வேன் என்று யோசித்துத்தான் முடிவெடுத்தேன். மன்னாரில் உயிரியல் படித்துவிட்டுச் சோதனை எழுதாமலே இடம்பெயர்ந்தவள் நான். எழுதியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று பார்க்கிற ஆசையும் கொஞ்சம் இருக்கிறது.

செலவு ஒன்றும் இல்லை. நீங்கள் கவலைப்படவேண்டாம்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பிள்ளைகள் பெரியம்மாவுக்கு முத்தம் தரச் சொன்னார்கள்.

உங்கள் தங்கை,
டிலக்சி


கிரவீன்,
3 மார்ச் 2024

டிலக்சிக்கு,

மாக்கிறேட் அக்கா எழுதுவது. உன் கடிதம் வந்தது. அத்தானும் நானும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க மாதா துணை.

செலவு இல்லை என்று எழுதியிருக்கிறாய். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசமாகப் போகிறது. எனக்கு இங்கே இலவசமாகக் கிடைத்தது வெயிலும் நுளம்புக்கடியும்தான். கட்டணம் இல்லையென்றால் காசு வேறு எங்கோ போகப்போகிறது என்று அர்த்தம்.

ஒன்பது வருசமாகக் கிழமைக்குக் கிழமை வந்த சம்பளத்தை விட்டுப்போட்டுப் புத்தகப்பை தூக்குகிறாய். ஜெனிஸ்ரனுக்கு நாளைக்கு ஒன்று நடந்தால் என்ன செய்வாய்? ஒரு வீட்டில் ஒரு சம்பளம் நின்றால் அந்த வீடு எப்படி ஆகும் என்று உனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கவேண்டும் என்றுதான் நான் சத்தம் போட்டேன். உன்னில் உள்ள கோபத்தால் இல்லை.

நிஷானியின் பிறந்தநாள் பார்சல் இந்தமுறை பிந்தும். தபாலில் ஏதோ தாமதமாம்.

பிள்ளைகளைக் கொஞ்சினதாகச் சொல்.

அக்கா


கிரவீன்,
2 யூன் 2024

டிலக்சிக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டும், மூன்று மாதமாக நீ பதில் போடவில்லை. கோபம் என்றால் கோபமாகவே இரு. இது வேறு விசயம்.

எங்கள் தேவாலயப் பங்கில் ஒரு பிள்ளை இருக்கிறாள். பெயர் உனக்கு வேண்டாம். வீட்டில் கொஞ்சம் நெருக்கடி. முதியோர் பராமரிப்புக்குச் சேர்டிபிக்கற் படித்தால் உடனே வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் மாநிலத்திலும் அதற்குக் கட்டணம் இல்லையாம். என்னிடம் வந்து கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? என் தங்கையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

உண்மையில் எவ்வளவு முடியும்? டேஃப்காரர் கடதாசியில் அச்சடித்திருப்பதை நான் கேட்கவில்லை. கையைக் கடித்தது எது, எது கடிக்கவில்லை, எதை முதலே தெரிந்திருக்கவேண்டும் என்று எழுது. சுற்றி வளைக்காதே. பாவம், அவள் நம்பி இறங்கப்போகிறாள்.

அக்ஷராவுக்குப் பல் விழுந்ததா?

அக்கா


டண்டினொங்,
9 யூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அக்ஷராவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பதில் போடாதது என் பிழை. நல்ல செய்தி சேர்ந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன், சேரவில்லை.

உங்களுக்கு என்றால் எல்லாம் நன்றாகப் போகிறது என்று நாலு வரி எழுதியிருப்பேன். ஆனால் ஒரு பிள்ளை என் சொல்லை நம்பி இறங்கப்போகிறாள் என்றால் பொய் எழுத மனம் வரவில்லை. அவளுக்கு இதைச் சொல்லுங்கள்.

கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் சீருடை வாங்கவேண்டும், சப்பாத்து வாங்கவேண்டும். தடுப்பூசி போட்டதற்கு அத்தாட்சி கேட்பார்கள். மன்னாரில் போட்டதற்கு நான் எங்கே போவேன்? இரத்தம் சோதித்து மறுபடி போட்டார்கள். குற்றம் ஒன்றும் இல்லை என்ற பொலிஸ் அறிக்கை, முதலுதவி வகுப்பு என்று ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தொகைதான். பத்து சின்னத் தொகை ஒரு மாதத்தில் வந்தால் அது சின்னதில்லை. என் படிப்பு முடிந்து பதிவு செய்யும்போது ஆங்கிலப் பரீட்சை ஒன்றும் இருக்கிறது, அதற்குச் சில நூறு டொலர். அவளுக்கு அது தேவைப்படாது.

இவையெல்லாம் கூடக் கடிக்கவில்லை. கடிப்பது நிற்கிற சம்பளம். பயிற்சிக் காலத்தில் முழுநாளும் வேலை செய்யவேண்டும், சம்பளம் இல்லை. அந்த நேரத்தில் வேறு வேலைக்கும் போக முடியாது. ஜெனிஸ்ரன் உழைக்கிறபடியால் அரசாங்க உதவி எங்களுக்குக் கிடைக்காதாம். ஏப்ரலில் என் காரை விற்றோம். நிஷானியின் நீச்சல் வகுப்பை நிறுத்தினோம். அவள் நீச்சல் உடுப்பைத் தானே மடித்து அலுமாரியில் வைத்தாள். அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை மேலதிக வேலை முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெனிஸ்ரனிடம் சொன்னேன், "நான் விட்டுடுறன். தொழிற்சாலையில திரும்ப எடுப்பினம், கேட்டுப் பாத்தனான்."

அவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "கார் வித்த காசு திரும்பி வருமோ?"

"இல்லை."

"அப்ப இருந்து படியும்."

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் படிக்கலாமா என்று அவள் கேட்டால், ஓம் என்று சொல்லுங்கள். போன மாதம் இதயத்தைப் பற்றி ஒரு சோதனை வைத்தார்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு ஆங்கிலம்தான் தாய்மொழி. முதலாவதாக வந்தது நான். அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லவேண்டும் போல இருந்தது.

அத்தானுக்கு அன்பு. நீரிழிவு மருந்து ஒழுங்காக எடுக்கிறாரா?

உங்கள் தங்கை,
டிலக்சி


கிரவீன்,
30 யூன் 2024

டிலக்சிக்கு,

உன் கடிதத்தை அந்தப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். அத்தான் சுகம். மருந்து எடுக்கிறார். கார் விற்றதை எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்போவதில்லை. முதலாவதாக வந்ததையும் நீ அன்றைக்கே சொல்லவில்லை, அதைத்தான் கேட்கிறேன். நல்லதை ஒளித்து வைக்க உனக்கு யார் பழக்கினது?

அவளுக்கு இன்னும் சந்தேகங்கள் உண்டு. முழங்கால் நோவு இருக்கிறது. எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்ய முடியுமா? ஆட்களைத் தூக்குவதற்கு மெசின் இருக்கிறதா, கையால்தானா?

மற்றது, சேர்வதற்கு முதல் ஆங்கிலத்தில் வாசிப்பு எழுத்து சோதித்தார்களாம். வாசிப்பில் தேறிவிட்டாள். எழுத்தில் தவறிவிட்டாள். உன்னைப் பற்றி ஒரு பந்தி எழுது என்றார்களாம். முப்பது வருசத்தில் அவளைப் பற்றி அவளிடம் யாரும் கேட்டதில்லை. என்ன எழுதுவதென்று தெரியாமல் மூன்று வரியோடு பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தாளாம். இரண்டு கிழமையில் மறுபடி எழுத விடுவார்கள். என்ன எழுதலாம்?

பிள்ளைகளுக்கு என் அன்பு.

அக்கா


டண்டினொங்,
4 யூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இங்கே குளிர்காலம் எலும்பைப் பிடிக்கிறது. நீங்கள் காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா?

அந்தப் பிள்ளைக்கு என்ன வயது என்று நான் கேட்கமாட்டேன். எழுதுவது லேசு என்று சொல்லுங்கள். "நான் பதினேழு வயது இளைய தங்கையை வளர்த்தேன். அம்மா படுக்கையில் கிடந்த நாலு வருசமும் குளிப்பாட்டினேன், சாப்பாடு வாயில் தீத்தினேன். கிரவீனில் இருபது கலியாணத்துக்குக் கேக் போட்டேன். எங்கள் வீட்டுக்கு வந்து யாரும் பசியோடு போனதில்லை." இப்படி எழுதச் சொல்லுங்கள். இறந்தகாலம் சரியாக இருந்தால் போதும். அவர்களுக்கு இலக்கியம் தேவையில்லை.

தூக்குவதற்கு மெசின் இருக்கிறது. தனியே யாரையும் தூக்கவேண்டாம், இரண்டு பேர் வேண்டும் என்று துணிந்து சொல்லவேண்டும். முழங்காலுக்கு முக்கியம் சப்பாத்து. ஜெனிஸ்ரன் வேலை செய்யும் களஞ்சியத்தில் பெட்டி நசுங்கிய சப்பாத்துகளை வேலைக்காரருக்கு மலிவாகக் கொடுப்பார்கள். கறுப்புச் சோடி ஒன்று அனுப்புகிறேன். அளவு தெரியாதபடியால் உங்கள் அளவில் எடுத்தேன்.

அத்தான் ஏன் எனக்கு ஒருமுறையாவது போன் எடுக்கிறாரில்லை? பாண் லொறி ஓட்டிக்கொண்டே விடியப்புறத்தில் எடுத்துப் பகிடி விடுவாரே.

உங்கள் தங்கை,
டிலக்சி


கிரவீன்,
27 ஒக்ரோபர் 2024

டிலக்சி,

ஸ்ரான்லி அத்தான். தடிப் பேனையால் பெரிதாக எழுதினால்தான் எனக்குத் தெரியும், அதனால் கடதாசி கனக்கப் போகும். எல்லோரும் சுகமா?

உன் அக்கா மறைத்ததைச் சொல்கிறேன். ஜனவரியில் என் லைசன்ஸை எடுத்துவிட்டார்கள். நீரிழிவு கண்ணுக்குப் போய்விட்டது. ஊசி போடுகிறார்கள், இதற்கு மேல் கூடாமல் பார்க்கலாம், திரும்பி வராது. லொறி வேலை அன்றோடு முடிந்தது. உனக்குச் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கினாள். எல்லோருக்கும் கொடுத்த கை, கேட்கப் பழகவில்லை.

யூலையில் இருந்து படிக்கிறாள். குசினி மேசையில் சொற்களைச் சத்தம் போட்டுப் பாடமாக்குவாள், நான் கேள்வி கேட்பேன். எழுத்துச் சோதனையில் இரண்டு பக்கம் எழுதினாள். இப்போது பயிற்சிக்கு ஒரு முதியோர் இல்லத்தில் போட்டிருக்கிறார்கள். போன புதன் முதல் நாள். ஒரு அறைக் கதவில் வேதவல்லி என்று பெயர் இருந்ததாம். அடுத்த தெரு மிருணாளினியின் மாமியார். மிருணாளினி இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத் தலைவி. அவர்கள் வீட்டு விசேசம் எல்லாவற்றிலும் உன் அக்காவுக்கு முன்வரிசைக் கதிரை. அந்த வீட்டு மனுசியைக் கழுவித் துடைக்கிறதை அவர்கள் வந்து பார்ப்பார்கள் என்று வியாழன் போகவில்லை. வெள்ளியும் இல்லை. காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறாள். வேறு இடம் கேட்டாள், மார்ச் வரைக்கும் இல்லையாம். இப்போது விட்டால் இடம் போய்விடும்.

நான் சொல்லிக் கேட்கமாட்டாள். நீ எழுது. நான் எழுதினதைக் காட்டிக்கொடுக்காதே.

ஸ்ரான்லி


டண்டினொங்,
31 ஒக்ரோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீங்களும் சுகம் என்று வைத்துக்கொள்கிறேன். இது அவசரக் கடிதம். அந்தப் பிள்ளைக்குப் பயிற்சி தொடங்கியிருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். என் முதல் நாளை அவளுக்குச் சொல்லவேண்டும் போல இருந்தது.

ஓகஸ்ரில் என்னைப் பயிற்சிக்கு ஒரு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். முதல் நாளே, இவரைக் கழுவி உடுப்பு மாற்று என்று ஒரு கட்டிலைக் காட்டினார்கள். போய்ப் பார்த்தால் எங்கள் ஆள். டண்டினொங் கடையில் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். எனக்குக் கால் பின்னுக்குப் போனது. ஊருக்கே தெரியப்போகிறது, சுவாம்பிள்ளையின் மகள் இப்படி ஒரு வேலை செய்கிறாள் என்று. திரும்பிப் போய் வேறு ஆளைக் கேட்கலாமா என்று தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றேன்.

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். போர்வையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். வெட்கம் எனக்கு மட்டும் இல்லை அக்கா. அவருடையது என்னுடையதைவிடப் பெரிது.

திரைச்சீலையை இழுத்துவிட்டுச் சொன்னேன், "அங்கிள், முதல்ல முகம் துடைக்கிறன். மிச்சத்தைப் போர்வைக்குள்ளாலயே செய்யலாம்."

கண்ணைத் திறக்காமல் கேட்டார், "நீ ஆற்ற பிள்ளை?"

"மன்னார் சுவாம்பிள்ளையின்ர மகள்."

"அப்ப சரி" என்று போர்வையில் இருந்து கையை எடுத்தார்.

அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பிள்ளைக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். கிடைத்த அன்றைக்கே காட்டுங்கள்.

உங்கள் தங்கை,
டிலக்சி


கிரவீன்,
8 டிசம்பர் 2024

அன்புள்ள டிலக்சிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். அத்தானுக்குக் கண் சுகமில்லை, அது உனக்குத் தெரியும். அவர் உனக்கு எழுதினதும் எனக்குத் தெரியும். தடிப் பேனையின் எழுத்து மேசைவிரிப்பில் ஊறி, உன் பெயர் அதில் பதிந்திருந்தது. அந்தப் பிள்ளை நான்தான். உனக்கு எப்போதோ விளங்கியிருக்கும், சப்பாத்து அளவாக இருந்தது.

உன் கடிதம் வந்ததற்கு அடுத்த நாள் போனேன். தவறவிட்ட நாட்களைக் கடைசியில் சேர்த்துச் செய்யலாம் என்றார்கள். வேதவல்லி அம்மாவை எனக்கே தந்தார்கள். அவவுக்குப் பக்கவாதம், இடது பக்கம் அசையாது, ஆனால் வாய்க்குக் குறைவில்லை. தண்ணீர் சூடு காணாது, நீ சேலையை மடிக்கிற மாதிரி என்னை மடிக்கிறாய் என்று முழுநாளும் பேச்சு. அம்மாவைப் பார்த்த கைதானே, நான் பேசாமல் வேலையைப் பார்த்தேன். மூன்றாம் நாள் பேச்சு நின்றது. நாலாம் நாள், மற்றப் பிள்ளை வேண்டாம், இவ வரட்டும் என்றாவாம்.

இரண்டாவது கிழமை நான் அவவுக்குத் தலை சீவிக்கொண்டிருக்க மிருணாளினி உள்ளே வந்தாள். கையில் பூங்கொத்து. என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாக்கிறேட் அக்கா, நீங்களோ? இங்க என்ன செய்யிறியள்?"

நீ நம்பமாட்டாய், இரவெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் யோசித்துப் பாடமாக்கி வைத்திருந்தேன். சும்மா பார்க்க வந்தேன், தேவாலயத்தில் இருந்து தொண்டுக்கு வந்தேன் என்று எத்தனையோ. சீப்பை வைக்காமலே சொன்னேன்:

"படிக்கிறன்."

அவள் பூங்கொத்தை மேசையில் வைத்தாள். நான் முகத்தைத் திருப்பவில்லை. ஐம்பத்து நாலு வயதில் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு இவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரியாது. பிறகு அவள் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "மாமிக்கு இவ்வளவு வடிவா ஒருத்தரும் தலை இழுத்ததில்லை" என்றாள். மாமியார் சொன்னா, "நீயும் பாத்துப் பழகு."

வெள்ளிக்கிழமை எல்லாப் பாடமும் தேறியதாகக் கடிதம் வந்தது. அத்தான் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து எழுத்தெழுத்தாக வாசித்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

உங்கள் எல்லோருக்கும் நத்தார் வாழ்த்துகள்.

அக்கா


டண்டினொங்,
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் கடிதத்தை ஜெனிஸ்ரனுக்கும் பிள்ளைகளுக்கும் சத்தமாக வாசித்தேன். "படிக்கிறன்" என்ற இடத்தில் நிறுத்தி, கடிதத்தை மேசையில் வைத்துவிட்டேன். மிச்சத்தை நிஷானி எழுத்துக் கூட்டி வாசித்து முடித்தாள். பெரியம்மாவைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லப்போகிறாளாம்.

அத்தானின் கண்ணைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை என்று நினைக்காதீர்கள். எழுதத் தெரியவில்லை. ஒரு வருசமாக நீங்கள் தனியே சுமந்திருக்கிறீர்கள்.

நீங்கள் உண்மை எழுதின பிறகு நானும் எழுதவேண்டும். எனக்குக் கடைசிப் பயிற்சி பெப்ரவரி நடுவில் தொடங்கி எட்டுக் கிழமை. காலை ஏழுக்கு வார்ட்டில் நிற்கவேண்டும், காரில்லாமல் ஐந்தே முக்காலுக்கு வீட்டை விட்டு வெளிக்கிடவேண்டும். ஜெனிஸ்ரனையும் இப்போது காலை வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கு விட ஆளில்லை. காசு கொடுத்துப் பிள்ளைகளை விடுகிற இடம் ஆறரைக்குத்தான் திறக்கும், கொடுக்கவும் வழியில்லை. ஆறு மாதம் தள்ளிப்போடலாம் என்று இருக்கிறேன். தள்ளிப்போட்டவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று ஆசிரியையைக் கேட்டேன். அவ சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டா.

தயவுசெய்து காசு அனுப்பவேண்டாம். அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். நீங்கள் இப்போதுதான் மூச்சு விடுகிறீர்கள்.

உங்கள் தங்கை,
டிலக்சி


கிரவீன்,
2 பெப்ரவரி 2025

அன்புள்ள டிலக்சிக்கு,

நான் சுகம். அந்த இல்லத்திலேயே கிழமைக்கு நாலு நாள் வேலை தந்திருக்கிறார்கள். முதல் சம்பளம் வீட்டுக் கடனுக்குப் போனது, ஒரு கிலோ இறால் மட்டும் வாங்கினேன்.

காசு அனுப்பவில்லை. அத்தானை அனுப்புகிறேன்.

குறுக்கே கதைக்காமல் கேள். ஒரு வருசமாக அந்த மனுசன் யன்னலோரக் கதிரையில் இருந்து, நான் படிக்கவும் வேலைக்கும் போய் வாறதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இருபத்திரண்டு வருசம் விடிய மூன்று மணிக்கு எழும்பினவர், இப்போதும் மூன்றுக்கு எழும்புகிறார். எழும்பி என்ன செய்கிறது? உன் பிரச்சினையை வாசித்துக் காட்டினேன். வாசித்து முடிய முதலே பெட்டியை இழுத்துவிட்டார்.

"எனக்கு வாசிக்கத்தானே கண் இல்லை, பிள்ளையளை எழுப்பக் கண் என்னத்துக்கு?" என்கிறார்.

அவருக்கு நேரே பார்க்க மங்கல், ஓரத்தால் பார்ப்பார். றோட்டுக் கடக்கும்போது நிஷானி கையைப் பிடிக்கட்டும். அவள் தன்னைப் பிடிக்கிறதாக இல்லாமல், அவர் அவளைப் பிடிக்கிற மாதிரி. அவளுக்கு விளங்கும். சோறு, ரொட்டி, மீன் எல்லாம் செய்வார். உப்பைத் தொட்டுப் பார்த்துப் போடுவார். நீ அவரைக் கதிரையில் இருத்தி உபசரிக்கவேண்டாம், வேலை கொடு. அடுத்த ஊசிக்கு ஏப்ரல் கடைசியில் அவர் இங்கே நிற்கவேண்டும், அதற்குள் நீ முடித்துவிடு.

எனக்கு வீடு வெறிச்சென்று இருக்கும். இருக்கட்டும்.

அக்கா


டண்டினொங்,
12 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நல்ல சுகம், அத்தானும் சுகம். சீனி அளவு உங்கள் வீட்டில் இருந்ததைவிட நன்றாக இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லச் சொல்கிறார்.

நேற்றுப் பயிற்சி முடிந்தது. இன்னும் இரண்டு பாடமும் ஆங்கிலப் பரீட்சையும் இருக்கிறது, ஆனால் பெரிய மலை கடந்தாகிவிட்டது. வார்ட் பொறுப்புத் தாதி கையெழுத்துப் போட்டுவிட்டு, முடித்ததும் இங்கே விண்ணப்பம் போடு என்றா.

இந்த எட்டுக் கிழமையும் நான் ஒருநாளும் பிந்தவில்லை. நான் எழும்பும்போது குசினியில் தேத்தண்ணி இருக்கும். பிள்ளைகளின் தலைமுடியைப் பின்னக்கூடப் பழகிவிட்டார். முதல் கிழமை அக்ஷரா பள்ளிக்கூடத்தில் அவிழ்த்துவிட்டு வந்தாள். மூன்றாவது கிழமை சிநேகிதி ஒருத்தி தனக்கும் அப்படிப் பின்னிவிடக் கேட்டாளாம். சனிக்கிழமைகளில் ஜெனிஸ்ரனோடு சேர்ந்திருந்து கிரிக்கெட் கேட்கிறார். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுக் கன நாள் அக்கா.

நேற்று நடந்ததைத்தான் எழுதவேண்டும். மூன்றரைக்கு வேலை முடித்து, சீருடையோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தூரத்தில் பஸ் தரிப்பில் மூன்று பேர் நின்றார்கள். கோயிலுக்குப் போடுகிற கோட்டுப் போட்டு அத்தான், இரண்டு பக்கமும் பிள்ளைகள். விடுமுறை என்றபடியால் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். பஸ் இலக்கத்தைப் பிள்ளைகள் வாசித்தார்களாம், எங்கே இறங்குவது என்று சாரதியிடம் கேட்டது அத்தானாம்.

நான் கிட்டப் போக முதலே அத்தான் கைதட்டத் தொடங்கிவிட்டார். வாசலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகளும் தட்டினார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அத்தான், இந்தத் தூரத்தில நான்தான் வாறன் எண்டு எப்பிடித் தெரிஞ்சது?"

அவர் சொன்னார்: "உன்ர அக்கா முடிச்ச நாளும் நான் அந்த இல்லத்துக் கேற்றடியில போய் நிண்டனான். ஏழெட்டுப் பேர் ஒண்டா வந்தவை. முகம் ஒண்டும் தெரியேல்ல. எல்லாரும் களைச்சுக் குனிஞ்சு வருகினம், ஒராள் மட்டும் றோட்டு முழுக்கத் தன்ர எண்ட மாதிரி நிமிந்து வந்தா. அவதான் எண்டு கை தட்டினன்."

"இண்டைக்கு?"

"இண்டைக்கும் அதே நடைதான், பிள்ளை."

அவருடைய கோட்டு நனைந்திருந்தது. அக்ஷரா என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நாங்கள் நாலு பேரும் மழைக்குள்ளால், ஒருவரும் குனியாமல், பஸ்ஸுக்கு நடந்தோம்.

உங்கள் டிலக்சி